பழனிக்கு நடக்கிற வழியில் ஒரு பஸ்

குன்றக்குடி தாண்டி ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காரைக்குடியில் தொடங்கிய பழனி பாதயாத்திரை எனக்கு முதல் நாளே போதும் என்றாகிவிட்டது. உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். கூட வந்தவர்கள் அரோகரா சொல்லிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். நான் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். முருகன் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கும் ஒரு அம்மா என் பச்சை வேட்டியைப் பார்க்கிறார். சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார். பதறிப்போகிறேன்.

“சாமி, எம்மக ஆப்பரேசன் பண்ணி ஆஸ்பத்திரியில கெடக்கா. மலையேறினதும் அவளுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லிருவீகளா?”

தலையாட்டுகிறேன். அதற்குள் காரைக்குடி பஸ் வந்து நிற்கிறது. அவர் ஏறிக்கொள்கிறார்.

“நீங்க வரலீகளா?” என்று கண்டக்டர் என்னைக் கேட்கிறார்.

“சாமி பழனிக்கு நடந்து போறாக. நீங்க விசிலடிங்க” என்று அந்த அம்மாவே பதில் சொல்லிவிடுகிறார்.

பஸ் நகர்கிறது. பேரைக் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைக்கிறது. கொப்புளக் காலோடு பஸ்ஸின் பின்னால் ஓடுகிறேன்.

“அம்மா, மக பேரு என்ன?”