தேய்த்த கல்லும் ஒத்துக்கொள்ளாத சுருளும்

பர்மா சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த வருஷம் அது. ரேஷனில் அளந்து போட்ட தானியத்துக்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அப்போதுதான் கோவிந்தண்ணனை முதலில் பார்த்தேன். போன வாரம் காரிமங்கலம் சந்தைக்குப் போய்வந்த என் மகன், "ரேடியோக்காரர் போயிட்டாருப்பா, நேத்தே எடுத்துட்டாங்களாம்" என்றான். அண்ணன் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவரை ரேடியோக் கடையில் பார்த்துப் பழகிய உங்களில் பலருக்கு, அவர் ஏன் நொண்டினார் என்று தெரிந்திருக்காது.

அந்த வருஷம் அவரும் நானும் வத்தல்மலைச் சரிவில் ஒரு காண்ட்ராக்டருக்கு மரம் வெட்டினோம். மேலிருந்து மேஸ்திரி ஆட்களை வைத்துத் தடத்தில் மரத்தை உருட்டிவிடுவார். மலைக்காரர்கள் சந்தைக்கு இறங்கும் பாதை அந்தத் தடத்தைக் குறுக்கே தாண்டிப் போகும். அதனால் கீழிருந்து கொம்பு ஊதினால்தான் மேலே மரத்தை விடுவது வழக்கம். பட்டாளத்தில் வயர்லெஸ் பார்த்த கோவிந்தண்ணனிடம், காண்ட்ராக்டர் பட்டாள ஏலத்தில் எடுத்த இரண்டு வயர்லெஸ் கைப்பெட்டிகளைக் கொடுத்தார். செங்கல்லைவிட நீளம், நல்ல கனம். ஏரியலை இழுத்தால் உயிர் வரும். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் பேசலாம்.

"பெட்டி இருக்கும்போது கொம்பு எதுக்குங்க?" என்று கேட்டவர் கோவிந்தண்ணன்தான். பேட்டரி கிடைக்காத காலம், அதை மிச்சம் பிடிக்கவேண்டும். காண்ட்ராக்டர் ஒரு சட்டம் போட்டார்: "தடத்துல ஆள் இருந்தா மட்டும் கீழ இருந்து பேசு. சத்தம் வரலைன்னா மேல மரத்தை வுடட்டும்."

கொஞ்ச நாளில் பெட்டியில் யாரோ இங்கிலீஷில் குறுக்கே பேச ஆரம்பித்தார்கள். பெங்களூர்ப் பக்கத்துப் பட்டாளம் என்றார் கோவிந்தண்ணன். பெட்டிக்குள் நகம் அளவு ஒரு கல் உண்டு. அது அதிர்கிற அளவில்தான் பெட்டி பேசும். கண்ணாடிச் சில்லில் செங்கல் தூளைக் குழைத்து, இரண்டு பெட்டியின் கல்லையும் தேய்த்தார். பெட்டி பேசும் அலை மேலே ஏறியது. குறுக்குக் குரல் நின்றது. "தேய்ச்சா ஏறும், திரும்ப இறங்காது" என்றார். பிறகு அங்கேயும் குரல் வந்தது. மறுபடி தேய்த்தார். மூன்றாம் முறை நான் கேட்டேன்.

"இன்னும் எவ்வளவுண்ணா தேய்ப்பீங்க?"

"கல்லு தாங்கற வரைக்கும்டா."

"பாத்தா டெல்லிக்கே பேசுவீங்க போல."

"டெல்லி எதுக்குடா? நம்ம மேஸ்திரி காதுல வுழுந்தா போதும்."

நாங்கள் தங்கிய கொட்டகையின் இரு மூலையில் நின்று பேசிப் பார்த்தோம். கணீரென்று கேட்டது. மலைமேல் தூக்கிப்போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மேஸ்திரி ஒரு பெட்டியோடு மேலே போய்விட்டார். கீழே கோவிந்தண்ணனும் நானும். கடுக்காய் மூட்டையோடு இறங்கி வந்த பெண் ஒருத்திக்குத் தடத்தின் நடுவில் மூட்டை அவிழ்ந்துவிட்டது. குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். அவர் பெட்டியின் பொத்தானை அழுத்தினார்.

"மேஸ்திரி, வுடாதீங்க! ஆள் இருக்குது, வுடாதீங்க!"

மேலே மரம் நகரும் ஓசை கேட்டது. பெட்டியை வீசிவிட்டு ஓடினார்.

"ஏ புள்ள, காயை வுட்டுட்டு ஓடு!"

"அத்தனையும் கொட்டிப்போச்சுங்க சாமி!"

தள்ளிவிட்டார். அவள் பாறை ஓரம் விழுந்தாள். மரம் அவர் காலின் மேல் போயிற்று.

தருமபுரி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சொன்னார்: "கல்லு ஒத்துக்கிச்சுடா, சுருள் ஒத்துக்கல. உள்ள இருக்கற கம்பிச்சுருளை ஓர் அளவுக்குத்தான் சுத்தியிருக்கான். அதைத் தாண்டினா பக்கத்துல கேக்கும், தூரம் போவாது. மேஸ்திரியைத் திட்டாதீங்க. அவரு சட்டப்படிதான் வுட்டாரு." மலையில் மறுபடியும் கொம்பு ஊதினார்கள்.

பிறகு அவர் காரிமங்கலத்தில் ரேடியோக் கடை வைத்தார். எட்டாத ஸ்டேஷனை எட்ட வைக்கச் சொல்லி வருவார்கள். "இதுக்கு எட்டறது இவ்வளவுதானுங்க. மேல வேணும்னா வேற பெட்டி வாங்குங்க" என்று அனுப்பிவிடுவார். சரிசெய்த எதையும் கடைக்குள் மட்டும் பாட வைத்துப் பார்த்துக் கொடுத்ததில்லை. ரேடியோக்குச் சொந்தக்காரர் வீடுவரை நொண்டிக்கொண்டே போய், அங்கே பாட வைத்துவிட்டுத்தான் திரும்புவார்.

அன்று தேய்த்த கற்களில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன். எனக்குப் பின் அது யாருக்கு என்று பேத்தி கேட்கிறாள். காண்ட்ராக்டர் இல்லை, மேஸ்திரி இல்லை, இப்போது அண்ணனும் இல்லை. அன்று கடுக்காய் பொறுக்கியவள் இருக்கிறாள், வத்தல்மலை நல்லம்மாள். கல் அவளுக்குத்தான்.