பத்துச் சதத்துக்கு ஒரு விஷயம்

அன்று எங்கள் உரும்பிராய் வீட்டுக் கிணற்றடியில் இருந்தவர்கள்: ஐயா, அம்மா, சின்னமாமா, நான், குடத்தோடு வேலியோரம் நின்ற பெண். பிறகு அந்தக் கதை எடுபட்டபோதெல்லாம் வீட்டில் நாலு பேர் என்றுதான் சொன்னார்கள். எதையும் இரண்டு தரம் எண்ணாவிட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும். எண்ணிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஐந்து பேர்.

சின்னமாமா அம்மாவின் தம்பி. உத்தியோகம் கிடைக்கும்வரை எங்களோடு இருந்தார். கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதினார். மாதம் ஒருமுறை மூன்று விஷயங்களைத் தபாலட்டையில் குறித்து ஆசிரியருக்கு அனுப்புவார். எது பிடித்தது என்று மறுமொழி வரும், அதைத்தான் எழுதலாம். முருங்கையின் பயன், வெங்காயத்தில் விழும் புழு, கிளிக்கு ஏன் மிளகாய் உறைப்பதில்லை, எல்லாம் எழுதித் தீர்ந்துவிட்டன. கடைசியாக வந்த மறுமொழியில், இனியும் அரைத்ததையே அரைப்பதானால் அனுப்பவேண்டாம் என்று இருந்தது. அன்று மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் என்னிடம் விஷயம் வாங்கத் தொடங்கினார். எனக்குப் பத்து வயது. ஒரு விஷயத்துக்குப் பத்துச் சதம். கண்ணால் கண்டதாக இருக்கவேண்டும். ஏன் என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் மறுமொழி சொல்ல முடியாததாகவும் இருக்கவேண்டும். நான் கொண்டுபோன ஏழு விஷயங்களுக்கும் அம்மா அடுப்படியில் இருந்தபடியே மறுமொழி சொல்லி, எழுபது சதத்தை எனக்கு இல்லாமல் பண்ணிவிட்டார்.

எட்டாவது விஷயம் வேலியோரம் நின்றது. அவர் எங்கள் வெங்காயப் பாத்திகளில் புல்லுப் பிடுங்குபவர். வேலை முடிந்ததும் குடத்தோடு வந்து நிற்பார். எங்கள் வாளியையோ கயிற்றையோ அவர் தொடக்கூடாது. எங்களில் யாராவது அள்ளி, குடத்தில் முட்டாமல் உயரத்தில் பிடித்து ஊற்றவேண்டும். அதுவரை நிற்கவேண்டியதுதான். அன்று ஐயா குளித்துக்கொண்டிருந்தார். அம்மா உடுப்புத் தோய்த்தார். மாமா கிணற்றுக்கட்டில் இருந்து வெறும் தபாலட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, விஷயம் இருக்கு."

"சொல்லு பாப்பம்."

"தோட்டத்து வாய்க்காலிலை உவள் கைகால் கழுவுறாள். அதுவும் இந்தக் கிணத்துத் தண்ணிதானே. பேந்து ஏன் இதிலை அள்ளக்கூடாது?"

உவள் என்றுதான் நானும் அப்போது சொன்னேன்.

ஒருவரும் பேசவில்லை. அம்மாகூட. நான் கையை நீட்டினேன்.

"உது விஷயமில்லை," என்றார் மாமா.

"நீங்கள் சொன்ன ரண்டும் இருக்கு. கண்ணாலை கண்டது. ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை."

ஐயா தூக்கிய வாளியைக் கீழே வைத்தார். "உம்மடை எழுத்து எங்கை வந்து நிக்குது பாத்தீரோ?"

"நான் என்ன செய்ய அத்தான்? பிள்ளை, உள்ளுக்குப் போ."

நான் போகவில்லை. கையை மடக்கவில்லை. "பத்துச் சதம்."

வேலியோரத்தில் இருந்து குரல் வந்தது. "வாங்கினா எனக்கும் பாதி தா பிள்ளை. நிண்டு கால் உளைஞ்சது நானல்லோ."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயா திரும்பிப் பார்த்ததும் நின்றது. அம்மாவே அவசரமாக அள்ளி ஊற்றினார். பாதித் தண்ணீர் நிலத்தில் போனது.

அடுத்த நாள் தபாலட்டையைப் பெட்டியில் போடும்படி மாமா என்னிடம் தந்தார். இரண்டு விஷயங்கள்தான் இருந்தன. மூன்றாவது இடம் வெறுமை. வழியில் மதகில் குந்தியிருந்து அதைப் பென்சிலால் நிரப்பினேன். பிறகு மூன்று வாரம் தபால்காரரின் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டாலே உள்ளுக்கு ஓடினேன். ஆனாலும் ஒருவரிடமும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

மறுமொழி வந்தது: மூன்றாவதை உடனே எழுதி அனுப்பவும். மாமா இரண்டு தரம் வாசித்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், அதை அடுப்பில் வைத்தார். எனக்கு அடிக்கவில்லை. அந்தப் பத்திரிகைக்கு அவர் பிறகு எழுதவும் இல்லை. என்னை எட்டாம் வகுப்போடு மறித்தார்கள். பெட்டைக்கு எழுத்துக் கூடிப்போச்சு என்றார் ஐயா. கூடியது குறையவில்லை, இன்றும் விஷயம் தேடித்தான் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன்.

ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை என்று அன்று நான் அடித்துச் சொன்னேனே, குடத்தோடு நின்றவரிடம் நான் கேட்கவேயில்லை. அவரைக் காட்டித்தான் கேட்டேன். அங்கே நின்றவர்களில் உடனே மறுமொழி சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அன்று நானும் நாலு பேரைத்தான் எண்ணியிருக்கிறேன்.

அதற்காகக் கணக்கை விடமாட்டேன். சின்னமாமா தரவேண்டியது பத்துச் சதம். அதில் ஐந்து சதம் வேலியோரம் நின்றவருடையது.