போலீஸ் இல்லாத சட்டம்

கல்யாணம் ஒரே வருஷத்தில் கசந்து திரும்பியவள், அக்கா வீட்டு மாடியறையில் தங்கியிருந்தாள். பகலில் இன்சூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா வேலை. நாற்பது தாண்டியபின் மாலையில் சட்டக் கல்லூரி.

"சர்வதேச மனித உரிமைச் சட்டமா? பக்கத்து வீட்டுக்காரன் நம்ம வாசல்ல காரை நிறுத்துறானே, அதுக்கு ஏதாவது செக்‌ஷன் இருக்கா?" என்பார் அத்தான். வீட்டில் அவள் பெயரே 'ஐ.நா. சபை' ஆகிவிட்டது. அவளும் சிரித்துவைப்பாள். சிரிக்க அந்த ஒரு வீடுதான் இருந்தது.

அமலாக்கம் பற்றிய பாடம் வந்தது. இந்தச் சட்டத்துக்குப் பெரும்பாலும் போலீஸ் கிடையாது. ஐ.நா. கமிட்டி அரசாங்கத்திடம் விளக்கம் கேட்கும். மழுப்பினால் மறுபடி கேட்கும். கடைசியில் நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்கும். அவ்வளவுதான். அவளுக்குச் சப்பென்றிருந்தது.

அக்கா வீட்டு வேலைக்காரப் பெண் வேறு தேசத்துக்காரி. அம்மாவுக்கு ஆபரேஷன், ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டபடி இருந்தாள். பாஸ்போர்ட் அக்காவின் பீரோவில் இருந்தது. கட்டாய வேலை பற்றிய பாடத்தில் அப்படியே இந்தச் சங்கதி. புத்தகத்தை மூடிவிட்டுக் கீழே இறங்கினாள்.

"அக்கா, அவ பாஸ்போர்ட்ட அவகிட்டயே குடுத்துடேன்."

"முன்னாடி இருந்தவ சொல்லாம கொள்ளாம ஓடினது மறந்துபோச்சா? இவளும் போயிட்டா, படுத்த படுக்கையா கெடக்குற மாமியாருக்கு நீ டயப்பர் மாத்துவியா?"

அதிலும் நியாயம் இருந்தது. கொஞ்ச நாள் விட்டு மறுபடி கேட்டாள். "பாக்கலாம்டி." அந்தப் பெண் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் இவளுக்குத் தாளவில்லை.

அக்கா மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தி வீட்டார் ஒருநாள் சாப்பிட வந்தார்கள். "நல்ல பொண்ணா இருக்கா. ஊருக்கெல்லாம் போய்ட்டு வராளா?" என்றாள் சம்பந்தியம்மா, பரிமாறிய வேலைக்காரப் பெண்ணைப் பார்த்து, பேச்சுவாக்கில்.

"போகத்தான் துடிக்கிறா. பாஸ்போர்ட் அக்காகிட்ட இருக்கு. இன்னைக்குக் குடுத்துடுவா. இல்லையாக்கா?"

அக்கா முகம் மாறாமல் சிரித்தபடி எழுந்துபோய் எடுத்துவந்து கொடுத்தாள்.

அந்த வாரமே பெண் ஊருக்குப் போனாள். அக்கா பேச்சை நிறுத்தினாள். சண்டை இல்லை, சாப்பாடு மூடிய தட்டில் மாடிப்படிக்கு வந்தது. ஆபீஸ் கிளம்புமுன் கிழவிக்குத் துடைத்துவிடப் போனால், அக்கா வந்து கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள்.

வேறு அறை பார்த்தாள். அத்தான்தான் பெட்டியைத் தூக்கிவந்து டாக்ஸியில் வைத்தார்.

"கேட்டது தப்புங்கல. எல்லார் முன்னாடியும் கேட்டியே."

"தனியா கேட்டப்போ யாரும் காதுல வாங்கலியே, அத்தான்."

அவர் டிக்கியை மெதுவாக மூடினார்.

புது அறையில் அவளைக் கேலி செய்ய ஆளில்லை. படிப்பு நன்றாகவே ஓடியது. பரீட்சை நெருங்கியபோது ஒருநாள் மனசு கேட்காமல் போன் செய்தாள். எடுத்த அக்கா, 'ஹலோ' என்றதோடு சரி. பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம்.

"புதுசா ஆள் வந்தாச்சாக்கா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அவ பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?"

"அவகிட்டதான் இருக்கு. போதுமா?" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.