அஸ்ஸாம் எண்ணெய் உருகிய டிசம்பர்

ஐம்பதுகளின் கடைசியில் என் அப்பா அஸ்ஸாமில், கச்சா எண்ணெயைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு முறை, மே மாதத்தில்தான், மழை பிடித்தால் குளிரெடுக்கும் எங்கள் லிங்கராஜபுரத்துக்கு வருவார். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். என் அப்பாவுக்கு மட்டும் சாயங்காலம் ஆக ஒரு வருஷம் பிடித்தது.

ஒரு லீவில் இரண்டு சின்ன பாட்டில்களைக் கொண்டுவந்தார். ஒன்று அஸ்ஸாம் எண்ணெய். மற்றது பம்பாய்க்குக் கப்பலில் வந்த வெளிநாட்டு எண்ணெய், சிநேகிதர் யாரோ கொடுத்தது. இரண்டும் மண்ணுக்கடியில் பிறந்ததுதான், குணம் ஒன்றாகுமா? வெளிநாட்டுக்காரனின் தக்கையைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். கந்தகம் அதிகம் என்றார் அப்பா. அஸ்ஸாம்காரனிடம் அந்த நாற்றமில்லை, ஆனால் மெழுகு அதிகம். குளிர் பட்டால் தேங்காய் எண்ணெய் மாதிரி உறைந்துவிடுவான். எவ்வளவு குளிரில் ஓடாமல் நிற்கிறது என்று பாட்டிலைச் சாய்த்துப் பார்ப்பதே தன் வேலையில் பாதி என்று சிரித்தார். இதற்காகவா அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

கிளம்பும் நாளில் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்பா அஸ்ஸாம் பாட்டிலை ஜன்னலில் வைத்தார்.

"மழை வந்தா இது உறைஞ்சிடும் கண்ணு. மறுபடி எப்போ உருகி ஓடுதோ, அப்போ அப்பா வந்துடுவேன்."

அடுத்த கோடையைத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியவில்லை.

ஜூலையில் உறைந்தது. தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் சாய்த்துப் பார்ப்பேன். பக்கத்தில் வெளிநாட்டு எண்ணெய் வெட்கமில்லாமல் ஓடும், இது அசையாது. டிசம்பரும் வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு நட்சத்திரம் கட்டினார்கள். கிறிஸ்துமஸ் அன்று எல்லாப் பிள்ளைகளும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சர்ச்சுக்குப் போவார்கள். எனக்கும் அந்தக் கை வேண்டியிருந்தது. மே மாதம் வரை பொறுக்க முடியாது.

அம்மா தேங்காய் எண்ணெயை வெந்நீரில் வைத்து உருக்குவதைப் பார்த்திருந்தேன். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரம், குளிக்கக் காய்ச்சிய வெந்நீரைக் கிண்ணத்தில் ஊற்றி, அஸ்ஸாம் பாட்டிலை அதில் நிறுத்தினேன். ஓரத்தில் இளகத் தொடங்கியது. 'அப்பா, எண்ணெய் ஓடுகிறது, உடனே வரவும்' என்று தாளில் எழுதி நிமிர்ந்தால், அம்மா நிற்கிறாள்.

"இன்னாடி பண்றே?"

முதுகில் விழப்போகும் அடிக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடி விழவில்லை. அம்மா கடிதத்தைப் படித்தாள். பிறகு ஈரக் கையோடு பாட்டிலை எடுத்து, அப்பா சாய்ப்பது போலவே சாய்த்தாள்.

"நடுவுல இன்னும் கட்டியா நிக்குது பாரு" என்று சொல்லி, கிண்ணத்தில் மேலும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினாள்.

திட்டு விழாததே எனக்குப் பெரிய லாபமாக இருந்தது. துவைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு, அது முழுக்க உருகும் வரை அவளும் ஏன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்று நான் கேட்கவே இல்லை.