பாதித் தலைக்கு மருந்து

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தோல் டாக்டராக வந்தேன். வந்த சூட்டோடு, புழுவெட்டுக்கு எந்த மருந்து கேட்கிறது என்று ஆய்வு செய்யப்போவதாக எழுதிக் கொடுத்தேன். தலைமை டாக்டர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, சொறியும் சிரங்கும் வாசல் வரைக்கும் நிக்குது. உனக்கு முடிதான் கெடச்சுதா? அது போனா உயிரா போயிடும்?"

"போகுது சார்" என்றேன். வீம்புக்குத்தான் சொன்னேன். அடுத்த வாரமே அதற்கு ஆள் வந்தாள்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண். இருபதைத் தாண்டியிருக்கமாட்டாள். முந்தானையை விலக்கியபோது தலை முழுக்க எட்டணா அகலத்துக்கு வட்டம் வட்டமாக வழுக்கை. ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிப் புருஷன் வீட்டில் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இது ஒட்டாது என்று நான் கைப்படக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதில் வரவில்லை.

"முடி வந்தா கூட்டிக்கறேன்னு சொல்லிட்டாரு டாக்டரம்மா. வருமா?"

"பார்க்கலாம்" என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது.

என் முறை இதுதான். தலையின் வலப்பக்கத்துக்கு மட்டும் தோலை எரிக்கும் ஒரு பழுப்புக் களிம்பு. இடப்பக்கத்துக்கு ஒன்றும் கிடையாது. இந்த ஊரில் எது குணமானாலும் அண்ணாமலையார் புண்ணியம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சொல்லட்டும். ஆனால் அவர் ஒரு பக்கத் தலைக்கு மட்டும் அருள் செய்யமாட்டார் அல்லவா? அதற்காகவே பாதித் தலை.

அவளோடு இன்னும் பலரையும் ஆய்வில் சேர்த்திருந்தேன். இந்தக் கணக்கை அவர்கள் வீட்டு அம்மாக்கள் கெடுத்தார்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் பூசுவது ஓரவஞ்சனை என்று நினைத்து, பிள்ளைகளுக்குச் சோறு பங்கு வைப்பதுபோல் களிம்பை இரண்டு பக்கத்துக்கும் சமமாகத் தடவிவிட்டார்கள். கேட்டால், "இந்தப் பக்கம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்கள். பட்டியலில் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் சுத்தமாக மிஞ்சியது அவள் தலை ஒன்றுதான். அவள் தன் அம்மாவைக் களிம்பு டப்பாவைத் தொடவே விட்டதில்லை.

பத்தாம் மாதம் வலப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு முடி வந்துவிட்டது. இடப்பக்கம் அப்படியே கிடந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கடைசிப் படம் எடுப்பது என்று முடிவாயிற்று. தலைமை டாக்டரையும் வந்து பார்க்கச் சொன்னேன். விஷயம் புருஷன் காதுக்கும் எட்டி, அவன் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான்.

வெள்ளிக்கிழமை மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கேமராவை மேசைமேல் போட்டேன். "பத்து மாசம்! வேண்டுதல்னா ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?"

"வேண்டிக்கினது எங்கம்மாதான். அவங்க ஆடி கழிச்சு மொட்ட போடலாம்னு சொன்னாங்க. நான்தான் நேத்தே போய் போட்டுக்கினேன்."

"ஏன்?"

"ஞாயித்துக்கெழம வராரு இல்ல? முடிய பாத்து கூட்டிக்கினு போறவரு, திரும்ப கொட்டுச்சுன்னா திரும்ப கொண்டாந்து உட்டுட்டுப் போவாரு. மொட்டைய பாத்து கூப்புடட்டும், போறேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பத்து மாதமாக நானும் அவள் முடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈரத் துணியால் சந்தனத்தைத் துடைத்தேன். வலப்பக்கம் முழுவதும் கருநீலமாக முடிக்கால் ஊன்றியிருந்தது. இடப்பக்கத்தில் வெள்ளை வட்டங்கள் எண்ணிக்கொள்ளும்படி தெரிந்தன. முடி இருந்தபோதுகூட இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. மளமளவென்று படம் எடுத்தேன்.

தலைமை டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். "மொட்டைத் தலைய வெச்சிக்கிட்டு எதம்மா நிரூபிக்கப் போற?"

"தடவிப் பாருங்க சார், ரெண்டு பக்கமும்."

அவளும் தலையைக் குனிந்து காட்டினாள். அவர் தடவினார். என் அறிக்கையை வாங்கிக்கொண்டு போனார். ஒரு தலை போதாது, இன்னும் பல தலை வேண்டும் என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். சரி, பார்த்துக்கொள்கிறேன் என்று மறுநாளே புதுப் பெயர்களை எழுத ஆரம்பித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். முந்தானை தோளிலேயே இருந்தது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"வந்தாரா?" என்றேன்.

"வந்தாரு. வாசப்படியில நின்னே பாத்தாரு. சரி, முடி வளரட்டும், வரேன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"வளந்தா என் தலையில வளருது, நீங்க எதுக்கு வரணும்னு கேட்டுட்டேன்."