பழசாக்கப் போன அலுமாரி

நல்ல சாமானைப் பழசாக்குவதற்கென்றே மனிதர்கள் மெனக்கெடுவார்கள் என்பதை, என் மகள் போனில் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். ஒரு சின்ன வெள்ளை அலுமாரி. விளிம்பெல்லாம் தேய்ந்து, மூலைகளில் உள் நிறம் தெரிந்தது. நூறு வருடமாக யாரோ திறந்து மூடியது போல இருந்தது. "அம்மா, இந்த மாதிரி ஒன்னு எங்க ஹாலுக்குக் கெடைச்சா நல்லா இருக்கும்" என்று கீழே எழுதியிருந்தாள். அவளும் மருமகனும் குண்டசாலையில் வீடு கட்டி முடித்திருந்தார்கள். பால் காய்ச்ச நாளும் குறித்தாயிற்று.

எங்கள் வீடு மஹய்யாவையில், ஒரே சுவரைப் பங்குபோட்டு நிற்கும் வரிசை வீடுகளில் நடுவில் ஒன்று. எங்கள் வரிசையில் பழசு என்றால் மறைக்க வேண்டிய விஷயம். தீபாவளிக்கு முன்னால் கதவுக்கும் கதிரை மேசைக்கும் ஒரு பூச்சு விழவில்லையென்றால், அந்த வீட்டில் ஏதோ கஷ்டம் என்று அர்த்தம்.

மருமகன் வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் கண்டியில் கடை வைத்திருப்பவர்கள். அவர்கள் வீட்டுச் சாமான்கள் தாமாகவே பழசானவை. அந்தப் பக்கத்து உறவினர்கள் யாராவது "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டால் என் மகள் "கண்டி டவுன்" என்பாள். பொய் இல்லை, மஹய்யாவையும் டவுனில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால், நகரசபைத் துப்புரவாளர்களின் வரிசை வீடுகள்தானே என்று சிலருடைய முகம் ஒரு நொடி சுருங்கிப் பிறகு சிரிக்கும். துணிக்கடையில் வேலை செய்யும் எனக்கு அந்தச் சுருக்கம் நல்ல பழக்கம். "டவுன்னு சொல்லு, போதும்" என்று, பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலேயே மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அவளுடைய ஹாலில் என் பக்கத்துச் சாமான் ஒன்று தலைநிமிர்ந்து நிற்க வேண்டும், அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கக் கூடாது என்பதுதான் என் ஆசை.

வத்தேகமவில் ஒரு பழைய சாமான் கடையில் அதே அளவில் அலுமாரி கிடைத்தது. என் கணவர் தன் முச்சக்கர வண்டியின் பின்சீட்டில் அதைப் படுக்க வைத்து, பிரசவத்துக்குப் போகும் பெண்ணை ஏற்றி வருவது போல மெதுவாகக் கொண்டுவந்து சேர்த்தார். வேலையை நான் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதலில் கரும்பழுப்பில் ஒரு பூச்சு. அது காய்ந்ததும் கை படக்கூடிய இடங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்க்க வேண்டும். மெழுகு இருக்கும் இடத்தில் மேல்பூச்சு சரியாக ஒட்டாது. அதன் மேல் வெள்ளையைப் பூசி, சாண்ட் பேப்பரால் தேய்த்தால் பழுப்பு எட்டிப் பார்க்கும். எல்லா இடத்தையும் ஒரே மாதிரி தேய்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கைப்பிடியைச் சுற்றி அதிகம், துடைப்பம் இடிக்கும் கீழ் விளிம்பில் கொஞ்சம், மேலே தொட்டும் தொடாமலும். கடைசியில் கடுஞ்சாயத் தேத்தண்ணியில் துணியை நனைத்துத் துடைத்தேன். வெள்ளை அழகாக மங்கியது. கண்டி மழையில் ஒவ்வொரு பூச்சும் காய நாள் கணக்கானது. மூன்று வாரம் கடை விட்டு வந்து வாசலில் உட்கார்ந்து தேய்த்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா தினமும் எட்டிப் பார்ப்பார். "என்ன, இன்னும் முடியலயா?"

வேண்டுமென்றேதான் பழசாக்குகிறேன் என்று சொன்னால் குழாயடியில் ஒரு மாதத்துக்கு நான்தான் சிரிப்பு. அதனால் "கொஞ்சம் வேல இருக்குக்கா" என்று சமாளித்தேன். அந்த நேரம் பார்த்து என் கணவரின் வண்டியும் எஞ்சின் பழுதாகிக் கராஜில் கிடந்தது. சுரண்டிய அலுமாரியையும் சும்மா கிடக்கும் வண்டியையும் சேர்த்துப் பார்த்து, எங்கள் வரிசை ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் அது தெரியவில்லை.

பால் காய்ச்சுவது ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை கடையிலிருந்து வந்து படியேறும்போதே பெயின்ட் வாசம் அடித்தது. எங்கள் வாசலில், மூன்று வீட்டிலிருந்து வயர் இழுத்து, மூன்று மேசை மின்விசிறிகள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் மாப்பிள்ளைக்குக்கூட அப்படி யாரும் காற்று வீசவில்லை. நடுவில் என் அலுமாரி. பச்சை! முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் இலைப் பச்சை. கதவுகளின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்றார் அக்கா. "காலையில இருந்து நாங்க நாலு பேரும் நின்னு பூசினோம். நல்ல காரியத்துக்குப் போற சாமான், உரிஞ்சு போய் நின்னா நல்லாவா இருக்கும்? நீ வாயத் தொறந்து ஒருத்தர்கிட்ட கேக்க மாட்டன்னு எங்களுக்குத் தெரியாதா?"

கடைசி வீட்டு முஸ்லிம் அக்கா, எங்கள் எல்லாருக்கும் ராத்தா, முழங்கை வரை பச்சையாக நின்றார். "மிச்சப் பெயின்ட் இல்ல புள்ள, நாங்க புது டின் எடுத்த. மகள்ட வீட்டுக்குப் போற சாமானுக்கு மிச்சத்தயா பூசுற?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வரிசைக்கே தெரியும். அன்றைக்கு எப்படியோ அதை விழுங்கிக்கொண்டு "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கணவர் மேல் பாய்ந்தேன். மனிதர் காலையிலிருந்து வீட்டில்தான் இருந்திருக்கிறார்.

"நான் வெளிய வந்தப்ப ஒரு கதவு முடிஞ்சிருச்சு" என்றார். "ஒரு கதவு பச்சை, ஒரு கதவு வெள்ளைன்னு நிப்பாட்டவா சொல்ற?" கொஞ்ச நேரம் கழித்து, "பிரஷ் நான்தான் குடுத்தேன்" என்றும் சொன்னார். ராத்தா அன்றைக்கு இடியப்பம் அவிக்கவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார். ராத்தாவின் வீட்டு அடுப்பு எரிவதே அந்த இடியப்ப வியாபாரத்தில்தான். அதைக் கேட்ட பிறகு அவரைத் திட்டுவதை விட்டேன். ஆனால் அலுமாரியை அப்படியே விட மனமும் இல்லை.

மகளுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். "நாளைக்கு லீவு போட்டு எல்லாத்தையும் சுரண்டிடுறேன். நீ கவலப்படாத."

"யாரும்மா பூசினது?"

சொன்னேன். வரிசையில் இருக்கும் பெண்கள் எல்லாரும் அவளுக்குப் பெரியம்மாக்கள்.

"பெரியம்மாங்க எல்லாரும் ஞாயித்துக்கெழம வருவாங்கதானே?"

"வராம?"

"அப்ப சுரண்டாதீங்க."

"ஒங்க மாமியார் வீட்டு ஆளுங்க எல்லாம் வருவாங்களேடி!"

"வரட்டும்மா" என்று வைத்துவிட்டாள். சனிக்கிழமை ஒரு சின்ன லொறியில் அலுமாரியை ஏற்றி அனுப்பினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று அன்றைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வரிசை ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியது. நல்ல சேலைகள், கையில் பழத்தட்டுகள். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஹாலில் சம்பந்தி வீட்டு உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெளிர் நிறச் சுவர்களுக்கு நடுவே பச்சை அலுமாரி கூச்சமில்லாமல் நின்றது. பால் பொங்கி முடிந்ததும், பட்டுச்சேலை உடுத்த ஒரு மாமி அதன் கதவைத் தொட்டுப் பார்த்து, "இது நல்லாப் பளிச்சுன்னு இருக்கே, எங்க எடுத்தீங்க?" என்று என்னிடம் கேட்டார். பாராட்டா, கிண்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாசலில் அக்காவும் ராத்தாவும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். "டவுன்ல" என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன்.

பால் கிளாஸ்களோடு வந்த மகள் முந்திக்கொண்டாள். "மஹய்யாவையில, மாமி. நான் பொறந்து வளந்த எடம். இந்தா, இவங்க எல்லாரும் சேர்ந்துதான் எனக்குப் பூசித் தந்தாங்க." சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனாள். "ஏன் பெரியம்மா வெளிய நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்று முதல் கிளாஸை அக்காவின் கையில் கொடுத்தாள், அடுத்ததை ராத்தாவின் கையில். அந்த மாமியின் முகம் சுருங்கியதா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. என் கண் முழுக்க வாசலில்தான் இருந்தது. அக்கா ஒரு கையில் கிளாஸோடு உள்ளே வந்து, மறுகையால் அலுமாரியில் இருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். என் மூன்று வார வேலையை மூடிய அந்தக் கைகளுக்கு அப்போதுதான் மனதார நன்றி சொன்னேன்.

கூட்டம் சாப்பிட உட்கார்ந்த பிறகு குசினியில் அடுப்பருகே மகளைப் பிடித்தேன். "ஏன்டி, ஒனக்குக் கூச்சமா இல்லயா?"

"எனக்கு எப்பம்மா கூச்சம் இருந்துச்சு?" என்றாள். "ஒங்களுக்கு மனசு நோகும்னுதான் இவ்வளவு நாளும் டவுன்னு சொன்னேன்."

அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.