தகரம் தட்டாத இருபது நொடி

டெலஸ்கோப்பில் கேமராவைப் பொருத்தி நான் எடுத்த யானைப் படங்களெல்லாம் கை பட்ட அதிர்வில் கலங்கியே வந்தன. அதனால் அன்று விடியற்காலை, ஓசூர் அருகே ஒரு ராகிக் கொல்லையோரம், கை படாமல் எடுக்க டைமரைத் திருகினேன். பரண்மேல் காவலிருந்த மாதம்மாக்கா, கொல்லையை நெருங்கிய யானையை விரட்ட, தகரத்தைத் தட்டக் கையை ஓங்கினார்.

“தட்டாதீங்கக்கா! பத்தே நொடி.”

“சீக்கிரம்ப்பா, கொல்லைக்குள்ள வந்துடுச்சு!”

கிளிக். ஆசை விடவில்லை. “இன்னும் ஒண்ணே ஒண்ணுக்கா.”

தகரத்தை மார்போடு இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். பிறகு தட்டி விரட்டி முடிப்பதற்குள் யானை பாதிக் கொல்லையை மிதித்திருந்தது.

ஃபிலிமைக் கழுவினேன், படம் அத்தனை துல்லியம். பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் யானையைப் பார்க்கவே இல்லை. துதிக்கையில் சுருண்டிருந்த கதிர்களைத் தடவி, “நல்லா முத்தியிருந்துச்சு” என்றார்.

அந்தப் படத்தை நான் அதன்பின் யாருக்கும் காட்டியதில்லை.